காணும் பொங்கலன்று கண்டவை

மாணவியர் விடுதி,
தஞ்சாவூர்.
16-1-1970, மாலை

அன்புள்ள எல்லைக்கு,

வல்லி எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் உன் அம்மாவும் கீழத்தெருவில் எல்லோரும் நலம்தானே?

இன்று காலையிலிருந்து நான் பார்த்தது, கேட்டது, தின்றது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ வந்திருந்தால் எனக்கு இந்த வேலை இருந்திருக்காது. வராததற்குத் தண்டனை, முழுவதையும் நீ படித்தாக வேண்டும்.

கடிதம் வழக்கம்போல எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். தபால்காரர்தான் கீழத்தெருவுக்குள் வரமாட்டாரே. எங்கள் கணக்குப்பிள்ளை பஞ்சநதம் மாமா ஆள் விட்டு உனக்குக் கொடுத்தனுப்புவார். போன கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு அறுவடை நேரத்தில் வேலை அதிகம். கோபித்துக்கொள்ளாதே.

பொங்கலுக்கு ஊருக்கு வர வேண்டாம், கூலித் தகராறு தீரட்டும் என்று அப்பா எழுதிவிட்டார். விடுதியில் எல்லோரும் போய்விட்டார்கள். நானும், கமருன்னிஸா டீச்சரும், சமையல்காரம்மாவும்தான். முந்தாநாள் டீச்சர் எனக்காக ஒரு சின்னப் பானையில் பொங்கல் வைக்கச் சொன்னார்கள். பால் பொங்கியபோது கத்துவதற்கு ஆள் இல்லை. டீச்சரே "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டு, "சரியாத்தான் சொன்னேனா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என்னவோபோல் ஆகிவிட்டது.

இன்று நீ வருவாய் என்று சொல்லித்தான் வெளியே போக அனுமதி வாங்கினேன். சொன்னபோது அது உண்மை. ஸ்டேஷனில் திருவாரூர் பாசஞ்சர் வந்து நின்றதும் பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். மூட்டையும் முடிச்சுமாக எல்லா ஊர்க்காரர்களும் இறங்கினார்கள், நீ மட்டும் இல்லை. அடுத்த வண்டிக்கும் நின்றேன். முறுக்கு விற்கிற அம்மா, "யாரைத் தேடுற பாப்பா? ரெண்டு வண்டி பாத்துட்டியே" என்றார். "என் கூட்டாளி" என்றேன். "வராதவளுக்காகக் காத்திருந்தா முறுக்குதான் நமத்துப் போவும். ஒண்ணு தின்னு" என்று கையில் வைத்தார். தின்றேன். நன்றாக இருந்தது.

திரும்பி விடுதிக்கே போயிருக்க வேண்டும். ஆனால் வெறும் கட்டில்கள் வரிசையாக இருக்கும் அந்த அறையை நினைத்தேன். இரண்டு பேருக்காகவும் நானே பார்த்துவிடுவது என்று நடந்தேன்.

முதலில் பெரிய கோயில். காணும் பொங்கல் என்றால் இவ்வளவு கூட்டமா! ஒவ்வொரு குடும்பமும் ஒரு தூக்குச்சட்டியோடு வந்திருந்தது. புல்லில் ஜமக்காளம் விரித்துப் புளிச்சோறும் கரும்புமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எங்கே நின்றாலும் யாருடைய ஜமக்காளத்தின் ஓரத்திலாவது நிற்பதுபோல் இருந்தது. ஒரு பெரியம்மா, "யாரு வூட்டுப் பொண்ணும்மா, தொலஞ்சு போயிட்டியா?" என்று கேட்டார். "இல்லைங்க, சுத்திப் பாக்க வந்தேன்" என்றேன். "தனியாவா!" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார்.

இப்போது முக்கியமான செய்தி. கோபுர நிழல் தரையில் விழாது என்று எட்டாம் வகுப்பில் ஐயா சொன்னார் அல்லவா? நீ எழுந்து, "அப்ப வெயிலு எங்கங்க ஐயா போவும்?" என்று கேட்டுப் பெஞ்சின் மேல் ஏறினாயே! நிழல் விழுகிறது எல்லை. நன்றாகக் கறுப்பாக விழுகிறது. நான் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்தேன், குளுகுளுவென்று இருந்தது. ஊர் சுற்றிக் காட்டுகிற ஒருவர் ஒரு கூட்டத்திடம், "நிழலே விழாதுங்க, அதிசயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் நிழல்லதாங்க உக்காந்திருக்கேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் முறைத்து, "அது மதிலு நிழலு. படிக்கிற புள்ளன்னா வாய் நீளுமே" என்றார். மதில் எங்கேயோ இருந்தது. நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

அடுத்தது அரண்மனை. அங்கே இருக்கிற பழைய நூலகத்தைப் பார்க்கத்தான் எனக்கு உண்மையில் ஆசை. பொங்கல் விடுமுறை என்று பூட்டியிருந்தது. கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன், இருட்டும் தூசி வாசனையும்தான். காவல்காரர், "உள்ள எல்லாம் ஓலைச்சுவடிம்மா. உன்னால படிக்க முடியாது" என்றார். "இப்ப முடியாதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துத் தந்தார்.

சிவகங்கைப் பூங்காவில் மான்கள் இருக்கின்றன. கரும்புச் சக்கை கொடுத்தால் தின்கின்றன. ஊஞ்சலில் ஆட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தள்ளிவிட ஆள் இல்லை. காலை உதைத்து நானே ஆடினேன், உயரம் போகவில்லை. படம் பிடிக்கிறவர் ஒருவர், "வாம்மா, கூட யாரு? ஒருத்தியா நின்னா படத்துல பாதி காலியா இருக்கும்" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் முழுக்கச் சுவர்களில் உதயசூரியன். கடைப் பலகைகளில் எல்லாம் பளபளவென்று புதிதாகத் 'தமிழ்நாடு' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே நடந்ததில் கீழவாசல் பக்கம் வழி தவறிவிட்டேன்.

இனிமேல்தான் உனக்கான செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

அரிசி மண்டிகளைத் தாண்டி ஒரு புளியமரம், அதன் அடியில் சைக்கிள் கடை. பச்சைச் சட்டை போட்ட ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை இல்லை. ஆனால் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு அந்தத் தழும்பு! சின்ன வயதில் நீ எறிந்த கொட்டாங்கச்சி பட்டு வந்ததே, அதேதான். உன் அய்யாவு அண்ணன்!

நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவரே என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு என் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, தனியாவா வந்த?" என்றார். ஊரில் இருந்தவரை என்னை 'சின்னம்மா' என்று தவிர அவர் கூப்பிட்டதே இல்லை. ஒரு பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, டீயும் வாங்கித் தந்தார். அங்கே அவரை மணி என்று கூப்பிடுகிறார்கள். கடைக்காரர் செல்லதுரை நல்ல மனிதராம்.

"எங்கப்பா வைக்கோல் போருக்கு நீங்க தீ வைக்கலேன்னு எல்லை சொன்னா. நான் நம்புறேன்" என்றேன்.

"நீ நம்பி என்ன பண்ண? ஆட்சி மாறிடுச்சு, பேரு மாறிடுச்சு. களத்துல கூலி நெல்லு அளக்குற மரக்கா மாறல. அதைக் கேட்டதுக்குத்தான் இந்த வழக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உன்னை யாருக்கும் கட்டிக்கொடுத்துவிடாமல் படிக்க வைக்கச் சொன்னார். புறப்படும்போது, "எல்லைய நேர்ல பாக்கறப்ப சொல்லு, நான் நல்லா இருக்கேன்னு. வேற யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

உன்னை நேரில் எப்போது பார்ப்பேன்? சித்திரைக்கா, வைகாசிக்கா? நீ இத்தனை மாதமாக அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவிக்கும்போது நான் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் எழுதிவிட்டேன். நீ யாரிடமும் சொல்லாதே.

அவரே விடுதித் தெருமுனை வரை வழி காட்டிவிட்டுத் திரும்பினார். இன்றைய நாளில் நான் யாரோடாவது நடந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வல்லி


விடுதி,
தஞ்சாவூர்.
21-1-1970, புதன்

அன்புள்ள எல்லைக்கு,

என் நீளமான கடிதம் கிடைத்ததா? ஒரு கார்டாவது போட்டிருக்கலாம். அறுப்புக்குப் போகிறாயா? அல்லது எல்லோரும் வேலைநிறுத்தமா? இங்கே பேப்பரில் ஒரு மூலையில் திருத்துறைப்பூண்டி வட்டாரம் என்று நாலு வரி போடுகிறார்கள். அதற்குள் நம் ஊர் இருக்கிறதா என்று தெரிவதில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எல்லோரும் பலகாரத்தோடு வந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ஊர் சுற்றினேன் என்றேன். யாரோடு என்று கேட்டார்கள். என் கூட்டாளியோடு என்றேன். பொய்தான். உன்னிடம் மறைக்கவில்லை.

இன்று ஓர் ஆச்சரியம். முன்னறிவிப்பு இல்லாமல் அப்பா வந்தார். அசோகா அல்வாவும் ஒரு பவுண்டன் பேனாவும் வாங்கி வந்தார். டீச்சரிடம், "எம் பொண்ணு கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க. அவ மாதிரி எழுத எங்க வம்சத்துலயே ஆள் கிடையாது" என்று சொன்னார். என் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் எழுத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கூலி விஷயத்தை அவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கோர்ட்டு வேலையாக வந்தேன், நேரமில்லை என்று உடனே போய்விட்டார்.

சீக்கிரம் எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குப் படிப்பில் மனம் நிற்கும்.

அன்புடன்,
வல்லி


ஆலங்கரை,
27-1-1970

ஆனந்தவல்லி அம்மாளுக்கு,

எல்லையம்மாள் எழுதுவது. உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. நீங்கள் என்று எழுதினால் கை வரவில்லை. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் திருத்துறைப்பூண்டிக்கு நடந்து போய்ப் பெட்டியில் போடுகிறேன். பதில் எழுதினால் உங்கள் வீட்டு வாசலுக்கு எழுதாதே. ரசியா பேகம், டீக்கடை, பஸ் நிலையம் அருகில், திருத்துறைப்பூண்டி என்று எழுது. அந்த அம்மா வாங்கி வைத்திருந்து என்னிடம் கொடுக்கும்.

காணும் பொங்கலன்று நான் ஏன் வரவில்லை என்று நினைத்திருப்பாய். அன்று எங்கள் தெரு முனையில் போலீஸ் நின்றது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து உங்கள் வயலில் அறுக்க விட்டார்கள். பொம்பளைகள் யாரும் தெருவைத் தாண்டவில்லை. உன் ரயிலை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை கூலி பேசலாம் என்று எங்களை எல்லாம் உங்கள் களத்துக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் அப்பா நாற்காலியில் இருந்தார். பஞ்சநதம் கணக்குப்பிள்ளை கையில் உன் கடிதம். உறை பிரிந்திருந்தது. "எல்லையம்மா மகாராணிக்குத் தஞ்சாவூர்லேருந்து ஓலை வந்திருக்கு. எல்லாரும் கேளுங்கடா" என்று சொல்லி, என்னை நடுவில் நிற்க வைத்துச் சத்தமாகப் படித்தார். முறுக்கு, பொங்கல் பானை, கோபுர நிழல், மான் எல்லாம் படித்தார். நிழல் கதைக்கு எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

பலகையில் தமிழ்நாடு என்று எழுதியிருப்பது வரை படித்தார். அடுத்த தாளைப் புரட்டியதும் வாய் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அந்தத் தாளை உங்கள் அப்பாவிடம் நீட்டினார். உங்கள் அப்பா படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என்னாங்க எசமான், மீதி?" என்று யாரோ கேட்டார்கள். "பொண்ணுங்க சமாசாரம்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். கூலிப் பேச்சு பேசவே இல்லை. மீதித் தாள்களை என்னிடம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை விடிகாலை தஞ்சாவூரில் எங்கள் அண்ணனைப் பிடித்துவிட்டார்கள். அடித்திருக்கிறார்கள், ஒரு காது கேட்கவில்லையாம். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

உங்கள் அப்பா பேரைச் சொல்லி, வைத்தியலிங்கத்தின் மகள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று தெருவில் சொல்கிறார்கள். "அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று நான் எல்லோரிடமும் சண்டை போட்டேன். சங்கத்துச் சிவசாமி மாமா, "ஒன்னா படிச்சா ரத்தம் மாறிடுமாடி?" என்று கேட்டார். அவர் முகத்துக்கு நேராகவே, மாறும் என்று சொன்னேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைசித் தாளில் என்ன எழுதினாய்? எங்கள் அண்ணனைப் பார்த்ததாக எழுதினாயா? இல்லை என்று ஒரு வரி எழுது. நான் நம்புவேன். தெருவையும் நம்ப வைப்பேன். ஆம் என்றால் நீ ஒன்றும் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
எல்லையம்மாள்


விடுதி,
தஞ்சாவூர்.
1-2-1970, ஞாயிறு

அன்புள்ள எல்லைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வகுப்பில் வைத்துப் படித்தேன். பிறகு என்ன பாடம் நடந்தது என்று தெரியவில்லை.

நேற்று டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் படிக்கக் கொடுத்துவிட்டு, கீழவாசலுக்குப் போனேன். வேறு யாராவது காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று போகும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன். அவரிடம் கோபம் கொண்ட ஆள், பக்கத்துக் கடைக்காரர், யாராவது. அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டு போனேன்.

கடை திறந்திருந்தது. செல்லதுரை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பொங்கலன்னிக்கு வந்த பொண்ணுதானே நீ?"

"ஆமாங்க. அவரை எப்படிங்க புடிச்சாங்க?"

"எப்படியா? மண்டி தாண்டிப் புளியமரத்தடிக் கடை, மணின்னு பேரு, இடது புருவத்துல தழும்பு, மீசை இல்ல, பச்சைச் சட்டை. ஏட்டு ஒரு தாளைப் பாத்துப் பாத்துக் கேக்குறான். கூடப் பொறந்தவன்கூட இப்படி அடையாளம் சொல்ல மாட்டாம்மா."

அண்ணன் துடைத்து என்னை உட்கார வைத்த பெஞ்சைப் பார்த்தேன்.

"நீ அவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "போம்மா. இங்க நிக்காத. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நின்றிருப்பேன்.

அங்கிருந்து கிளைச் சிறைக்குப் போனேன். வாசலில் நிறையப் பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இரத்த உறவு இல்லாமல் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறும் புதனும் காலையில்தான் விடுவார்களாம். உன் அம்மாவோ நீயோ வந்தால், பேரும் தகப்பன் பேரும் சொன்னால் போதும் என்றார் காவலர். இதை விசாரித்து வைத்தது உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

திரும்பி வந்ததும் டீச்சர் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

இன்று காலை உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'இல்லை எல்லை, அந்தத் தாளில் என் பரீட்சை பற்றித்தான் எழுதியிருந்தேன்' என்று. நன்றாக வந்திருந்தது. படித்தால் யாரும் நம்புவார்கள். நீ சிவசாமி மாமாவிடம் ஓடிப்போய் அதைக் காட்டுவதையும் நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கிழித்தேன்.

ஒன்றும் எழுதாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. நீயே அதற்கு இடம் கொடுத்திருந்தாய். ஆனால் நீ டீக்கடைக்கு நடந்து நடந்து வந்து, தபால் இன்னும் வரவில்லை போலும் என்று எனக்காகக் காரணம் தேடிக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

ஆம் எல்லை. நான்தான் எழுதினேன். அண்ணனைப் பார்த்தேன் என்று எழுதினேன். மரத்தை, தழும்பை, சட்டையின் நிறத்தைக்கூட எழுதினேன். நேரில் பார்க்கும்போது உன்னிடம் சொல்லச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் பதில் எனக்குச் சீக்கிரம் வரும் என்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் மிகவும் தனியாக இருந்தேன்.

கீழத்தெருவுக்கு வரும் எல்லாத் தபாலும் எங்கள் வாசலில் நின்றுதான் வருகிறது என்பதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீட்டார் உங்களுக்குச் செய்கிற உதவி என்றே இந்த வாரம் வரை நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் எனக்குச் சொந்தமும் இல்லை, அவருக்குச் சொந்தமும் இல்லை, உன்னுடையது, உன்னிடம் கொடுங்கள் என்று. கொடுக்க மாட்டார்.

தெருவில் இனி எனக்காக நீ சண்டை போட வேண்டாம். அவர்கள் சொன்னது சரி என்று சொல்லிவிடு. நீ அங்கேதான் இருந்தாக வேண்டும். நீ எனக்கு எழுதுவாயா என்று கேட்க மாட்டேன். நான் எழுதினால் படிப்பாயா என்றும் கேட்க மாட்டேன்.

அண்ணனைப் பார்க்க வரும்போது ஸ்டேஷனிலிருந்து இடது பக்கம் திரும்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கேளுங்கள். யாரும் வழி சொல்வார்கள். அம்மாவை வெயிலுக்கு முன்னால் கூட்டி வா. வாசலில் நிழல் கிடையாது.

டீச்சர் வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

வல்லி